எஸ்.பி.எல்.லுக்கு என்ன அதிகாரம்? பள்ளி மாணவர் மன்றங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஜூன், ஜூலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தனியார் பள்ளிகளின் முகநூல் பக்கங்களைத் திறந்தால் ஒரே மாதிரிப் படங்கள்தான் வரிசையாக வரும். தோளில் சாஷ், சட்டையில் பேட்ஜ், கையில் கொடி, மேடையில் யாராவது ஒரு போலீஸ் அதிகாரி. இன்வெஸ்டிச்சர் செரிமனி. ஹெட் பாய், ஹெட் கேர்ள், ஹவுஸ் கேப்டன்கள் உறுதிமொழி எடுப்பார்கள். அரசுப் பள்ளியில் இவ்வளவு ஜோடனை கிடையாது, எஸ்.பி.எல்., ஏ.எஸ்.பி.எல்., வகுப்புத் தலைவர், அவ்வளவுதான். சில பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போய் ‘மாணவர் பாராளுமன்றம்’ என்று பெயர் வைத்து சுகாதார அமைச்சர், உணவு அமைச்சர் எல்லாம் நியமிக்கின்றன.

பெயரில் இருக்கும் பாராளுமன்றம் நடப்பில் இல்லை என்பது என் வாதம். இந்த முறையின் பூர்வீகம் பாராளுமன்றமே அல்ல, இங்கிலாந்தின் ப்ரீஃபெக்ட் முறை. 1828-ல் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தாமஸ் அர்னால்ட் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் தன் நிர்வாகத்தின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டார். பெரிய வகுப்புப் பையன்கள் சின்னப் பையன்களை மேய்ப்பார்கள். பதில் சொல்வது தலைமையாசிரியருக்கு. பிரதிநிதி என்பவர் கீழே இருப்பவர்களுக்காக மேலே பேசுகிறவர். ப்ரீஃபெக்ட் மேலே இருப்பவருக்காகக் கீழே பார்த்துக்கொள்கிறவர். இரண்டுக்கும் ஒரே பேட்ஜ் குத்திவிட்டதுதான் குழப்பத்தின் வேர்.

என் அக்கா பெண் ஒன்பதாவது படிக்கிறாள், ‘டிசிப்ளின் மினிஸ்டர்’. உன் இலாகாவில் என்னம்மா வேலை என்று கேட்டேன். “ப்ரேயர்ல பேசுறவங்க பேரை எழுதிக் குடுக்கணும் மாமா.” சரி, நீங்க எல்லாம் சேர்ந்து ஏதாவது கேட்டு வாங்கியிருக்கீங்களா? “கேக்கறதா? யார்கிட்ட?” என்றாள். நக்கல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

2024-25-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த ‘மகிழ் முற்றம்’ திட்டத்தையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் குறுக்காகப் பிரித்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். ரூபி, எமரால்டு என்று வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். (பாலைக் குழுவில் விழுந்த பையன் மட்டும் முதல் நாள் கொஞ்சம் முகம் சுளித்திருப்பான்.) ஆறாவதும் பத்தாவதும் ஒரே குழுவில் உட்காருவதும் நல்லதே. ஆனால் ஹவுஸ் முறையின் இயல்பு போட்டி. யாருக்கு எத்தனை புள்ளி என்பது. குறிஞ்சியும் நெய்தலும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய் ஒரு விஷயம் கேட்பதற்கு அந்த அமைப்பில் இயல்பான வழி இல்லை. பெயர் சங்கத் திணை, எலும்பு ரக்பி.

மன்றங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் கொஞ்சம் சிக்கலானது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுவந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். பல பள்ளிகளில் பிள்ளைகள் கையால் எதையாவது செய்து பார்ப்பதே அப்போதுதான். ஆனால் அது திட்டம், மன்றம் அல்ல. தமிழில் ‘மன்றம்’ என்ற சொல்லுக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. 1940களின் தொடக்கத்தில் திருவாரூரில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்து இதழ் நடத்தினார், ‘தமிழ்நாடு தமிழ் மாணவர் மன்றம்’ என்று அமைப்பும் தொடங்கினார். அவருடைய அரசியலைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள்: எந்தச் சுற்றறிக்கையும் வந்து அது தொடங்கவில்லை. என்ன எழுதுவது, யாரைப் பேசக் கூப்பிடுவது என்பதைப் பையன்களே முடிவு செய்தார்கள்.

பிள்ளைகள் கையில் முடிவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் பெரியவர்களுக்கு எங்கும் உண்டு. வார்சாவில் 1912-ல் திறந்த தன் அனாதை இல்லத்தில் யானுஷ் கோர்ச்சாக் பிள்ளைகளுக்கு நீதிமன்றமே அமைத்துக் கொடுத்தார். ஆசிரியர் மீதும் அங்கே வழக்குப் போடலாம். அரை வருஷத்துக்குள் ஐந்து முறை தானே அதன் முன் நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். இல்லம் இடிந்து விழவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம்: அங்கே பள்ளிப் பாராளுமன்றத்துக்கு வேட்புமனு, வாக்குப்பதிவு என்று முறையாகத் தேர்தல் நடக்கிறது. இங்கேயே, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறித்தவக் கல்லூரியின் விடுதிகளில் மாணவர்கள் தங்கள் செயலாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் மரபு உண்டு. கல்லூரிக்கு ஒத்துக்கொள்கிற ஊர் பள்ளி என்றதும் பின்வாங்குகிறது.

இன்னொரு இடத்தையும் பாருங்கள், அதிகம் பேர் கவனிக்காதது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட மாதிரி விதிகளில், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் அல்லாத கால் பங்கில் ஒரு பகுதி ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் / பள்ளிக் குழந்தைகள்’ என்று இருக்கிறது. நடுவில் ஒரு சாய்கோடு. யாரை வைத்துக்கொள்வது என்று குழுவிலுள்ள பெற்றோர் முடிவு செய்யலாம். தமிழகத்தில் 2022-ல் குழுக்களை மாற்றியமைத்தபோது 20 பேர்: பெற்றோர் 15, தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர், கல்வியாளர் அல்லது தன்னார்வலர் ஒருவர். சாய்கோட்டின் இடப்பக்கம் மட்டும் வந்தது, வலப்பக்கம் காணாமல் போனது. 2024-ல் எண்ணிக்கை 24 ஆனபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். படித்துவிட்டுப் போனவருக்கு நாற்காலி உண்டு, படித்துக்கொண்டிருப்பவருக்கு இல்லை.

பதினைந்து வயசுப் பிள்ளைக்கு பட்ஜெட் கொடு என்று நான் கேட்கவில்லை. மேலாண்மைக் குழுவுக்குத் தீர்மானப் பதிவு இருக்கிறதே, அதைப் போல மாணவர் குழுவுக்கும் ஒரு நோட்டு வேண்டும். இடப்பக்கம் கோரிக்கை, தேதியோடு. வலப்பக்கம் பள்ளியின் பதில், அதுவும் தேதியோடு. ‘முடியாது’ என்றும் எழுதலாம், காரணத்தோடு. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, இரண்டாவது மாடியில் தண்ணீர் வரவில்லை, பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார்: முதல் வருஷம் இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். மூன்றாவதற்குத்தான் பதில் கிடைக்கக் கஷ்டப்படும்.