வகுப்பறைக்கு வெளியே சாம்போ

1956இல் ரொறன்ரோ கல்விச் சபை ஒரு சின்னஞ்சிறு கதைப் புத்தகத்தைத் தன் பள்ளிக்கூடங்களிலிருந்து அகற்றியது. பெயர் ‘லிட்டில் பிளாக் சாம்போ’. அகற்றும்படி கேட்டவர்கள் நகரின் கறுப்பினப் பெற்றோர். முன்னின்றவர் டானியல் பிரெய்த்வெய்ட். அந்தப் போராட்டத்தின் வரலாற்றை 1978இல் அவரே நூலாகவும் வெளியிட்டார்.

சிறுவயதில் படித்ததை மறுபடி புரட்டி, “இதையா ரசித்துப் படித்தோம்?” என்று திடுக்கிடாதவர்கள் இன்று குறைவு. திடுக்கிட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் பிணக்கு. கொளுத்து என்கிறார் ஒருவர், திருத்து என்கிறார் இன்னொருவர், தொடாதே என்கிறார் மூன்றாமவர். பொதுவாகப் பேசினால் மூவரும் சரியாகவே தோன்றுவார்கள். ஒரே ஒரு வழக்கை எடுத்து முழுதாக நிறுத்துப் பார்த்தால்தான் யார் எங்கே தவறுகிறார் என்று தெரியும். தமிழ் வாசகருக்கு சாம்போவைவிடப் பொருத்தமான வழக்குக் கிடைக்காது. ரொறன்ரோ விலக்கிய அந்தக் கதையின் ஊற்று கொடைக்கானல் மலையில் இருக்கிறது.

எழுதியவர் ஹெலன் பானர்மன் (1862–1946), எடின்பரோக்காரர். கணவர் இந்திய மருத்துவ சேவையில் டாக்டர். கொடைக்கானலில் இருந்த தம் இரண்டு சிறுமிகளுக்காக, 1898இல், அவர்களைப் பிரிந்து ரயிலில் போகும்போது இக்கதையைப் படங்களோடு அவர் எழுதினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1899இல் இலண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் பதிப்பித்தார். பதிப்புரிமை ஐந்து பவுணுக்குக் கைமாறியது. அதன்பின் நூல் அவர் பிடியில் இல்லை. அமெரிக்காவில் ஆளுக்கொரு பதிப்பு போட்டார்கள். மேடைக் கோமாளிக் கறுப்பரைப் பார்த்து வரைந்த கேலிப் படங்கள் பலவற்றில் ஏறின.

முதலில் கதைக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். புத்தாடை உடுத்திக் காட்டுக்குள் போகிறான் சிறுவன். நான்கு புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறிக்கின்றன. சட்டையை ஒன்றுக்கும் கால்சட்டையை இன்னொன்றுக்கும் கொடுத்துத் தப்புகிறான். மூன்றாவது புலிக்குக் கால் நான்கு, சப்பாத்தோ இரண்டு. காதில் மாட்டிக்கொள் என்று யோசனை சொல்கிறான். நான்காவதற்குக் குடையை வாலால் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். பிறகு தம்மில் யார் மிடுக்கானவர் என்று புலிகளுக்குள் சண்டை. ஒரு மரத்தைச் சுற்றி ஒன்றையொன்று துரத்தித் துரத்தி அவை நெய்யாக உருகிவிடுகின்றன. அப்பா அதைப் பாத்திரத்தில் அள்ளிவர, அம்மா பலகாரம் சுடுகிறாள். பையன் மட்டும் 169 சாப்பிடுகிறான். நீதி போதனை ஒரு வரி கிடையாது. காப்பாற்ற வெள்ளைக்காரத் துரை எவரும் வருவதில்லை. பயந்த பிள்ளை தன் மூளையால் பிழைக்கிறான், பலசாலிகள் தம் பெருமையால் அழிகிறார்கள். குழந்தை இலக்கியத்தில் இத்தனை கச்சிதமான கதை அரிது.

குற்றச்சாட்டு கதைப்போக்கின் மேல் அல்ல, பெயர்கள் மேலும் படங்கள் மேலும். பையன் சாம்போ, தாய் மம்போ, தந்தை ஜம்போ, மூன்றுக்கும் முன்னால் ‘கறுப்பு’ என்ற அடைமொழி. சாம்போ என்பது பானர்மன் புனைந்த பெயரல்ல. தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில் (1848) கறுப்பு வேலைக்காரனுக்கு அதுதான் பெயர். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் (1852) அடிமைகளை அடித்து வேலை வாங்கும் கங்காணிக்கும் அதுதான் பெயர். மற்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் பொருளற்ற மந்திர உளறல் என்று அர்த்தம். வகுப்பில் ஆசிரியை இதை உரக்க வாசிக்கும்போது வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கதை. அங்கே இருக்கும் ஒற்றைக் கறுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது விளையாட்டுத் திடலில் ஒரு பட்டப்பெயர். கனடாவின் குடிவரவு விதிகள் 1962 வரை வெளிப்படையாகவே இனம் பார்த்தவை. அதனால் ரொறன்ரோவின் பல வகுப்புகளில் அந்தப் பிள்ளை தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

எதிர்வாதங்கள் நான்கு. முதலாவது, எழுதியவரின் மனம் சுத்தம் என்பது. ஒப்புக்கொள்ளலாம். அவர் தம் நாயகனை விரும்பியே படைத்திருக்கிறார். ஆனால் வகுப்பறைக்கு வருவது புத்தகம், எழுதியவரின் மனம் அல்ல.

இரண்டாவது, அந்தக் காலத்தில் யாரும் அதைத் தவறாக எடுக்கவில்லை என்பது. இது உண்மையல்ல. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இலேயே இந்த வகைப் புத்தகங்களைக் கண்டித்தார். வெள்ளைப் பிள்ளைக்கு வேடிக்கையாக இருப்பது, ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு காயம் என்பது அவர் வாதம். ‘அந்தக் காலம்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்தக் காலத்தில் வாயுள்ளவர்களாக இருந்தோரையே எண்ணுகிறோம். வலித்தவர்களுக்கு அப்போதும் வலித்தது. அவர்களிடம் அச்சகம் இல்லை, அவ்வளவே.

மூன்றாவது வாதம் நம்மைத் தொடுகிறது. புலியும் நெய்யும் இந்தியாவுக்கு உரியவை, ஆகவே கதை ஆப்பிரிக்கர்களைப் பற்றியதே அல்ல என்கிறார்கள். கதைக்களம் இந்தியா என்பது சரி. ஆனால் வழக்கு அதனால் தளர்வதில்லை, இறுகுகிறது. இந்தியக் காட்டில் ஓர் இந்தியக் குடும்பத்தை நிறுத்தி, அட்லாண்டிக் அடிமை உலகின் கேலிப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார் ஆசிரியர். கறுப்பு என்ற நிறத்தைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு ஊர் இல்லை, மொழி இல்லை. அந்தச் சிறுவன் கொடைக்கானல் அடிவாரத்தில் அவர் கண்ட ஏதோ ஒரு பிள்ளையாகக்கூட இருக்கலாம். அப்படியானால் பிரெய்த்வெய்ட் நமக்கும் சேர்த்துத்தான் வாதாடியிருக்கிறார். 1983க்குப் பிறகு பெருந்தொகையாக இந்நகருக்கு வந்து தம் பிள்ளைகளை இதே பள்ளிக்கூடங்களில் சேர்த்த தமிழர்கள், அந்தத் தீர்மானத்தின் பயனை அறியாமலே அனுபவித்தவர்கள்.

நான்காவதுதான் கனமான வாதம்: நல்ல கதை, அதை இழக்கலாமா? இதற்கு விடை 1996இல் வந்தது. அந்த ஓராண்டில் இரண்டு மறு ஆக்கங்கள் வெளியாயின. ஓவியர் ஃப்ரெட் மார்செலினோ, பானர்மனின் கதையை வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என்று மாற்றி இந்தியப் படங்களோடு ‘தி ஸ்டோரி ஆஃப் லிட்டில் பாபாஜி’யைக் கொண்டுவந்தார். கறுப்பின எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெரி பிங்னியும் ‘சாம் அண்ட் தி டைகர்ஸ்’ என்று அதைப் புதிதாகவே சொன்னார்கள். இரண்டிலும் புலிகள் உருகுகின்றன, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இழிவை எடுத்தால் கதை செத்துவிடும் என்ற வாதம் அத்தோடு விழுந்தது. எடுத்தும் கதை நிற்கிறது என்றால் அந்த இழிவு கதைக்குத் தேவைப்பட்டதே இல்லை.

சரி, எல்லாவற்றையும் இப்படித் திருத்திவிடலாமா? இங்கே நிதானம் வேண்டும். 1996இன் நூல்கள் புதுப் பெயரோடும் புதுப் படைப்பாளியின் பெயரோடும் வந்தவை. மூலம் வேறு, இது வேறு என்று வாங்குபவருக்குத் தெரியும். ரோல்ட் டால் விஷயம் அப்படியல்ல. ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபாக்டரி’யில் (1964) தொழிலாளிகளாக வந்த ஊம்பா லூம்பாக்கள் முதலில் ஆப்பிரிக்கக் குள்ளர்கள். கண்டனம் எழ, 1973 பதிப்பில் டாலே அதை மாற்றினார். அது எழுத்தாளரின் உரிமை. 2023இல் பஃபின் நிறுவனம், இறந்துபோனவரின் நூல்களில் நூற்றுக்கணக்கான இடங்களைத் திருத்தி அவர் பெயரிலேயே விற்க முற்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பழைய பாடத்தையும் தனியாக வெளியிடுவதாக அறிவித்தது. ஒருவர் எழுதாததை அவர் எழுதியதாகக் காட்டுவது மென்மையான பொய். நேற்று இருந்த அழுக்கையும் அது மறைத்துவிடுவதால், அழுக்கு இருந்ததென்றே அடுத்த தலைமுறை அறியாது.

ஒன்ராறியோ இதைவிட மோசமான வழிகளையும் முயன்று பார்த்தது. தென்மேற்கு ஒன்ராறியோவின் பிரெஞ்சு மொழி கத்தோலிக்கப் பள்ளிச் சபை ஒன்று, பழங்குடி மக்களை இழிவுபடுத்துவன என்று ஏறத்தாழ 5,000 நூல்களைத் தன் நூலகங்களிலிருந்து அகற்றியது. டின்டினும் ஆஸ்டரிக்ஸும் அவற்றில் அடக்கம். சிலவற்றை 2019இல் சடங்காக எரித்து, சாம்பலை ஒரு மரத்துக்கு உரமாகவும் போட்டார்கள். செய்தி 2021இல் வெளியானது. 2023இல் அதே மாகாணத்தின் பீல் பகுதிப் பள்ளிச் சபையில், 2008க்கு முந்திய நூல்கள் காணாமற்போய் அலுமாரிகள் வெறுமையாகக் கிடப்பதாக மாணவர் முறையிட்டனர். ஆண்டை மட்டும் வைத்து நீக்கவில்லை என்று அந்தச் சபை மறுத்தது. கல்வி அமைச்சர் அந்த வேலையை நிறுத்தச் சொன்னார். எரிப்பவர் புத்தகத்தைப் படிக்க மறுக்கிறார், ஆண்டு பார்த்துக் கழிப்பவர் படிக்கவே தேவையில்லை என்கிறார். பிரெய்த்வெய்ட் செய்தது இதற்கு நேர்மாறு. ஒரே நூலைப் படித்து, எந்த இடம் யாரை எப்படிக் காயப்படுத்துகிறது என்று சொல்லி, ஓரிடத்திலிருந்து மட்டும் எடுக்கக் கேட்டார்.

இந்த அளவுகோலை நம் அலுமாரிக்கும் வைக்காவிட்டால் நேர்மையில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழர் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்காகத் தேடி வாங்கும் பழைய தொகுப்புகள் மாசற்றவையா? 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் ராட்சதன் கறுப்பாகவே வருவான், இளவரசி பொன்னிறமாகவே இருப்பாள். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை மேலும் இதே குறை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. கறுத்த பிள்ளைகளே அவற்றைப் படித்து, கறுத்தவன் சாகும்போது மகிழ்ந்தார்கள். லீ ஃபாக் 1936இல் படைத்த பேந்தம், தமிழில் மாயாவியாகவும் வேதாளராகவும் வந்தபோது, காட்டுமக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் வெள்ளையன் பக்கமே நாமும் நின்றோம். நாட்டுக் கதைகளில் ஏழை அந்தணன் நல்லவன், நாவிதன் சூழ்ச்சிக்காரன், வண்ணான் ஏமாளி. அங்கே சாதிப் பெயரே பாத்திரத்தின் குணமாகிவிடுகிறது. சாம்போ என்ற பெயர் செய்த அதே வேலையை இவை செய்கின்றன.

இந்த மறுவாசிப்பு வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்பாரும் உண்டு. அரக்கர் என்று யாரைச் சொல்கிறீர்கள் எனப் பெரியார் இராமாயணத்தைக் கேட்டது எந்தக் கனடியக் கல்விச் சபைக்கும் கடன்பட்டதல்ல. புலவர் குழந்தை அந்தக் கேள்விக்குக் காவியத்தாலேயே விடை எழுதினார். 1946இல் வந்த அந்த ‘இராவண காவிய’த்தை 1948இல் அரசு தடைசெய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. பழைய நூலை அழிக்காமல் எதிர்நூல் எழுதுவது நம் மரபுதான். எதிர்நூலைத் தடைசெய்ததும் நம் வரலாறுதான்.

ஆக, தீர்ப்பு. 1956இன் முடிவு சரி. காரணம் புத்தகம் கெட்டது என்பதல்ல. வகுப்பறையில் பிள்ளை எழுந்து போக முடியாது, புத்தகத்தை மூட முடியாது. கட்டாயமாகக் கேட்க வேண்டிய இடத்துக்கு அளவுகோல் கடுமையாகவே இருக்க வேண்டும். விரும்பி எடுக்கும் நூலகத்துக்கு அதே கடுமை பொருந்தாது. ஆய்வுச் சேகரத்துக்கு ஒரு வரிகூடக் குறையக் கூடாது. எட்கர் ஒஸ்போர்ன் 1949இல் கொடுத்த சுமார் 2,000 பழைய சிறுவர் நூல்களோடு தொடங்கிய ஒஸ்போர்ன் தொகுப்பு, இன்று ரொறன்ரோவின் கொலிஜ் தெருவிலுள்ள லிலியன் எச். ஸ்மித் நூலகத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. வகுப்பிலிருந்து ஒரு நூலை எடுக்கும் துணிவு, அப்படிப்பட்ட இடம் இருக்கும் நகரத்துக்கே தகும். தமிழில் அத்தகைய சிறுவர் நூல் சேகரம் இல்லாத ஊரில் ஓர் இதழை எடுத்தெறிவது, சாட்சியையும் சேர்த்து எறிவது.

மறு ஆக்கம் செய்வோர் தம் பெயரைப் போட்டுச் செய்யட்டும். மறைமுகத் திருத்தமும் எரிப்பும் ஆண்டுக் கணக்குக் கழிப்பும் தள்ளுபடி. வீட்டில் என்றால், பழைய அம்புலிமாமாவைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ராட்சதன் ஏன் எப்போதும் நம் நிறத்திலேயே இருக்கிறான் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் நாம்தான் கேட்க வேண்டும்.