விடை வரும் தூரம்

மன்னார்ப் பிரதேசத்தில் ஒரு வருஷம் பெய்த மழையை மாதவாரியாக எழுதி, பன்னிரண்டு எண்களையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பெறும் இடையானது, அந்த வருஷத்தின் பெரும்பாலான மாதங்களைப் பற்றி உண்மை சொல்வதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் மழையின் பெரும்பங்கு கொட்டித் தீர்ந்துவிட, சோளகம் வீசும் மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும் இப்பகுதியில், சில மாதங்களின் பெருமழை இடையை மேலே இழுத்துவிடுகிறது. வரிசைப்படுத்தினால் நடுவே நிற்கும் பெறுமானமாகிய இடையமே அன்றாட நிலைமைக்கு அணித்தாக நிற்கிறது. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிக் காலபோகம் விதைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது வாழ்ந்தறிந்த விஷயம். ஆயினும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக இடை, இடையம், ஆகாரம் என்னும் மூன்றையும் மனனஞ் செய்கின்ற அதே பிள்ளை, தான் கண்ட வறட்சியைப் பற்றித்தான் அந்தச் சூத்திரமும் பேசுகிறது என்பதை உணராமலே பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுகிறது.

இக்குறைக்குப் பரிகாரமாக வந்திருக்கும் சாதனங்களில் கோடாப் என்னும் தரவாய்வு மென்பொருள் முக்கியமான ஒன்று. ரொபர்ட் டிங்கர் 1994இல் தொடங்கிய கொன்கோர்ட் கன்சோர்ட்டியம் என்னும் அமெரிக்கக் கல்வி ஸ்தாபனம், அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொருளுதவியோடு இதனை ஆக்கி, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வழங்கியிருக்கிறது. பில் ஃபின்சர் முன்னர் உருவாக்கிய ஃபத்தம் என்ற மென்பொருளை விலைகொடுத்து வாங்கிக் கணினியில் நிறுவவேண்டியிருந்தது. அதன் மரபில் வந்த கோடாப்போ இணைய உலாவியிலேயே திறந்துகொள்கிறது. அட்டவணையின் ஒரு நிரலை இழுத்து வரைபடத்தின் அச்சில் விட்டால், அதுவரை கண்டபடி சிதறிக் கிடந்த புள்ளிகள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து வரிசைப்படுவதையும், ஒரு புள்ளியைத் தொட்டால் அட்டவணையில் அதற்குரிய வரி துலங்குவதையும் காணும் மாணவனுக்கு, எண் என்பது ஒரு நிகழ்ச்சியின் சாட்சி என்பது பிரத்தியட்சமாகிறது.

ஆனால் சாதனம் இலவசமாகக் கிடைப்பது வேறு, அதைக் கையாளத் துணை கிடைப்பது வேறு. மன்னார் மாவட்டத்து மடுக் கல்வி வலயத்தின் ஆசிரியர் ஒருவருக்கு வகுப்பின் நடுவே சந்தேகம் எழுந்தால் அவர் நாடக்கூடிய இடங்கள் மூன்று: மென்பொருளை ஆக்கியவர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கும் விளக்கங்களும் அவர்களுக்கு நேரே எழுதிக் கேட்கும் வழியும் ஒன்று, சக ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழு மற்றொன்று, அண்மைக்காலத்தில் வந்துசேர்ந்த செயற்கை நுண்ணறிவு உரையாடி மூன்றாவது. இவற்றுள் எதையும் ஒரேயடியாகப் புகழ்வதும் இகழ்வதும் நியாயமாகா.

ஆக்கியோரிடமே கேட்பதன் மேன்மை வெளிப்படையானது. ஒரு பாடநூலில் ஐயம் எழுந்தால் நூலாசிரியரிடம் கேட்டுத் தெளியும் பாக்கியம் எத்தனை உபாத்தியாயருக்கு வாய்த்தது? இங்கே அது கூடுகிறது. கேள்வி மென்பொருளின் குறையையே சுட்டுமாயின் அக்குறை திருத்தப்படவும் கூடும். அப்போது மடுக் காட்டின் ஓரத்திலிருந்து எழுந்த ஒரு வினா உலகத்து வகுப்பறைகளுக்கெல்லாம் உபகாரமாகிவிடுகிறது. எனினும் அந்த ஸ்தாபனம் இருக்கும் மசச்சூசெட்ஸின் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்பதரை மணித்தியாலமோ பத்தரை மணித்தியாலமோ பின்தங்கி ஓடுகிறது. நமது பாடவேளையோ ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. காலையிற் கேட்ட கேள்விக்கு விடை வரும்போது வகுப்பு கலைந்து, கணினிக்கூடம் பூட்டப்பட்டிருக்கும்.

காலத்தினும் பெரிய தடை, கேள்வியின் வேர் எங்கே இருக்கிறது என்பதாகும். இவ்வலயத்துப் பாடசாலை ஒன்றிலே நான் நேரிற் கண்ட சம்பவத்தைச் சொல்கிறேன். மாதாந்த மழைக் கணக்கை ஒருவர் எக்ஸெலில் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தார். அதைக் கோடாப்பில் இட்டபோது, நிரல்களின் தலைப்புகள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த புரியாத கோலமாயின. ஆக்கியோருக்கு எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்? பின்வரிசையில் நின்ற இளம் ஆசிரியை திரையை ஒருமுறை பார்த்தார், "சேர், இது பாமினி. யூனிக்கோட்டுக்கு மாத்திப்போட்டுப் போடுங்கோ," என்றார். இரண்டு நிமிஷத்தில் தலைப்புகள் தமிழாயின. பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சுச் செய்து பழகிய ஒரு சமூகத்தின் உள்ளே இருப்பவருக்கன்றி, அந்தக் கோலத்தின் காரணம் வேறெவருக்கு ஒரு பார்வையில் விளங்கும்?

அடுத்த இடர் இன்னும் நுண்ணியது. மழை என்ற நிரலை அச்சில் விட்டபோது, புள்ளிகள் எண்கோட்டில் அமையாமல், ஒவ்வொரு பெறுமானமும் தனித்தனிப் பெயர்போல வரிசையாக நின்றது. ஆசிரியர் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். சில நிமிஷத்தில், "ரெண்டு இடத்தில 'மழை இல்லை' எண்டு எழுதியிருக்கு சேர், அதை அழிச்சுவிடுங்கோ, சரிவரும்," என்று பதில் வந்தது. அழித்தார், சரிவந்தது, வரைபடம் அழகாக விரிந்தது. அப்போது முன்வாங்கிலிருந்த ஒரு மாணவி, "சேர், மழை பெய்யாத மாதங்கள் எங்க போனது?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகே பார்த்தோம்: வெற்றுக் கட்டங்களை மென்பொருள் கணக்கில் எடுக்காமையால், பன்னிரண்டால் வகுபட வேண்டிய தொகை பத்தால் வகுபட்டு, மன்னார் உள்ளதைக் காட்டிலும் மழைவளம் மிக்க ஊராகிவிட்டிருந்தது. அழித்த இடத்தில் 0 என்று இட்டிருக்க வேண்டும். அளந்தபோது மழை இல்லை என்பதும், அளக்கவே இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். முன்னதற்குச் சுழியம், பின்னதற்கே வெற்றிடம். புள்ளிவிபரவியலின் ஆதாரமான பாடங்களுள் ஒன்று அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. வந்த உதவியிலோ அது இல்லை.

உதவி கேட்கும் இவ்வழக்கத்தின் மிகப் பெரிய குறை இதுவென்பது என் அபிப்பிராயம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற அளவிலே கேள்வி நின்றுவிடுவதால் விடையும் அந்த அளவிலே நின்றுவிடுகிறது. வரைபடம் வந்தவுடன் சிரமம் தீர்ந்ததாக எண்ணுகிறோம். வந்த வரைபடம் மெய்தானா என்று சோதிப்பவர் இல்லை. அன்றியும், படிப்படியாக எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் கைநூலைப் பிள்ளைகள் பின்பற்றும்போது, இழுத்துப் பார்த்து, பிழைத்து, மீண்டும் இழுத்துப் பார்க்கும் சுதந்திரத்துக்காகவே ஆக்கப்பட்ட சாதனம் வெறும் கட்டளைப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. குறைந்த உதவியாற் பாடம் தடைப்படுகிறது. மிகுந்த உதவியாற் சிந்தனை தடைப்படுகிறது.

வட்ஸ்அப் குழுக்களுக்கு நாம் நன்றி பாராட்டவேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாடம் சென்றடைந்த வழியே அதுதான். விரைவும், தன் பாஷையிற் கேட்கும் சௌகரியமும், கேட்பவரின் கூச்சத்தை நீக்கும் தோழமையும் அதற்கு உண்டு. ஆனால் அங்கே கிடைத்த விடை, மறுநாட் காலை வணக்கங்களுக்கும் திருநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் மறைந்துபோகிறது. வருடாந்த இடமாற்றத்தில் விஷயமறிந்த ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய்விட, அவரோடு அந்த அறிவும் பஸ் ஏறிவிடுகிறது. அடுத்து வருபவர் அதே பாமினியில், அதே வெற்றுக் கட்டத்தில், மறுபடியும் தொடங்குகிறார்.

செயற்கை நுண்ணறிவு உரையாடி தமிழிலேயே பதில் தருகிறது, நள்ளிரவிலும் தருகிறது. ஆங்கிலம் குறைந்த ஆசிரியருக்கு இது சாமானியமான நன்மையன்று. ஆனால் அது இல்லாத பட்டியலையும் இல்லாத பொத்தானையும் இருப்பதாகவே உறுதியோடு சொல்லிவிடுவதுண்டு. அதன் தமிழும் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தமிழ். நம் பிள்ளை இடை என்று படித்ததை அது சராசரி என்கிறது. ஆகாரத்தை முகடு என்கிறது. மீடிறனை நிகழ்வெண் என்கிறது. இரண்டும் நல்ல தமிழே. ஆயினும் பரீட்சைத் தாளிலே திரள் மீடிறன் வளையியை வரையவேண்டிய மாணவனுக்கு இரு வழக்குகளுக்கும் உள்ள உறவை ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால், உதவியே மயக்கமாக முடிந்துவிடும்.

ஆகவே தூரத்து உதவி வேண்டாமென்பதன்று என் துணிபு. மென்பொருளின் குறைக்கு ஆக்கியோரே கதி. ஆனால் நம் வகுப்பறைகளில் எழும் சந்தேகங்களிற் பெரும்பாலானவை மென்பொருளில் இல்லை. நம் எழுத்துருவில், நம் கலைச்சொல்லில், நம் தரவை நாம் எழுதிவைத்த முறையில் இருக்கின்றன. இவற்றுக்குரிய விடை கடல்கடந்து வரவேண்டியதன்று. மடு மாதா கோவில் திருவிழாவுக்கு முதன்முறை வந்து கூடாரமடிக்கும் குடும்பம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை அடுத்த கூடாரத்தாரிடம் கேட்டறிகிறது. அவர் பேசுவது சிங்களமாயினும் தமிழாயினும், அந்த மண்ணில் முன்னொரு முறை தங்கிய அனுபவமே அவருடைய தகுதி. வகுப்பறை உதவிக்கும் வேண்டப்படும் தகுதி அதுவே.

செய்யவேண்டியது அதிகச் செலவுள்ள காரியமுமன்று. வலயக் கல்வி அலுவலகத்தில், கணித பாட ஆசிரிய ஆலோசகரின் பொறுப்பில், ஒரு வினாவிடைத் தொகுதி இருக்கட்டும். எழுந்த சந்தேகம், அதற்குக் காரணம், நீங்கிய விதம் ஆகியவற்றை நம் பாடநூலின் சொற்களில் எழுதி, தமிழ்நாட்டு வழக்கை அருகே குறித்து, ஒவ்வொரு பாடசாலைக்கும் பிரதியனுப்பினால், ஆசிரியர் மாறினாலும் அறிவு தங்கும். ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரு வரி மாத்திரம் வெறுமையாக விடப்படட்டும்: இந்த விடையால் கணக்கில் என்ன மாறியது என்று அந்த வகுப்பு எழுதுவதற்காக. முதற்பக்கத்தில், மழை பெய்யாத மாதங்கள் எங்கே போயின என்று கேட்ட அந்தப் பிள்ளையின் வினாவை எழுதித் தொடங்கலாம்.