சீரும் கள்ளிப்பாலும்

தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ எடுத்தார். அடுத்த ஆண்டே ‘கருத்தம்மா’. இரண்டையும் தனித்தனியாகவே பேசிவருகிறோம்.

முதல் படத்தில் தங்கை விருமாயிக்கு அண்ணன் மாயாண்டி கொண்டுவரும் தாய்மாமன் சீர், ஊரே கூடும் கொண்டாட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் அது வெறும் சடங்கில்லை. புகுந்த வீட்டில் கை ஓங்குகிறவன், ‘இவளுக்குப் பின்னால் ஆளிருக்கிறது’ என்று ஒரு நொடி யோசிப்பான். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கும்.

ஆனால் அந்தத் தட்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெண் பிறந்தால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பேறுகாலம் என்று செலவு ஓயாது; அவள் பிள்ளைக்கும் சீர் போக வேண்டும். ‘கருத்தம்மா’வின் அப்பன் மொக்கையன் போடுவது இந்தக் கணக்கைத்தான். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியிடமே சிசுவைக் கொல்லும் வேலையும் ஒப்படைக்கப்படுகிறது. தப்பிய குழந்தையை வாத்தியார் ஒருவர் கொண்டுபோய் வளர்க்க, அவள் டாக்டராகிறாள். ஊரோடு வளர்ந்து, அப்பனுக்கும் உழைத்த கருத்தம்மாவோ கொலைப் பழியோடு சிறைக்குப் போகிறாள். உறவை விட்டு வெளியே போனவளுக்குத்தான் படிப்பு!

அக்காள் புருஷனைக் கொடியவனாக்கியதும் படத்துக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. முந்தைய ஆண்டு தன் இயக்குநரே கொண்டாடிய சீரின் பக்கம் அது திரும்பவில்லை.