ஏழைக் கைதிக்கு அரசு கட்டும் ஜாமீன்

நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும் ஒருவர் சிறையிலேயே கிடப்பது இந்தியாவில் அரிதான செய்தி அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத இவர்களில் ஒரு பகுதியினர், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வறுமையால் வெளியே வர முடியாதவர்கள். அந்த ஆண்டு நவம்பரில் அரசமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்த அவலத்தைப் பற்றிப் பேசினார். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு ‘ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்ட’த்தை அறிவித்தது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கீடு.

திட்டத்தின் முதல் பெருமை, ஏழையின் சிறைவாசத்துக்கு அரசும் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதுதான். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிப்பது சிறை நிர்வாகத்தின் கடமை. கைதி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், நீதித்துறையின் பிரதிநிதிகள் அடங்கிய குழு முடிவெடுக்கிறது. 2023 நெறிமுறைப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட வழியில்லாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் மாவட்ட அளவிலேயே வழங்க இடம் தரப்பட்டது. அபராத விஷயத்தில் இந்த ஏற்பாடு கச்சிதமானது. கட்ட வேண்டியது பணம் மட்டும்தான். கட்டியதும் கதவு திறந்துவிடும்.

ஜாமீனில் நிலைமை வேறு. 2023 தொடக்கத்தில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தந்த விவரப்படி, ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். 20 கோடியை 40,000ஆல் வகுத்தாலும் 5,000தான் வருகிறது. அத்தனை பேருக்கும் உச்சவரம்புத் தொகையையே கொடுத்தாலும் ஓர் ஆண்டு ஒதுக்கீடு போதும். ஆனால், மாநிலங்கள் தகுதியுள்ள கைதிகளை அடையாளம் காணவில்லை, செயல்பாடு ஊக்கம் தருவதாக இல்லை என்று உள்துறை அமைச்சகமே 2025 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. குறை தொகையில் இல்லை.

நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கேட்பது ரொக்கத்தை அல்ல, ஆளை. ‘இரு நபர் ஜாமீன்’ என்றால், சொத்து ஆவணமோ வருமானச் சான்றோ கையில் உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்திட வேண்டும். பிழைக்க வந்த ஊரில் கைதான கூலித் தொழிலாளிக்கு அப்படி யார் வருவார்கள்? அரசு ரொக்கத்தை நீட்டலாம்; ஜாமீன்தாரரை நீட்ட முடியாது. பல வழக்குகளில் சிக்கியவர்களுக்கோ, எல்லா வழக்கிலும் ஜாமீன் கிடைக்கும்வரை ஒரு வழக்கில் மட்டும் பிணை கட்டுவதால் பயனில்லை. ஜாமீன் உத்தரவே கிடைக்காத ஏழையை இத்திட்டம் தொடுவதே இல்லை. போதைப்பொருள், சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு முதலிய சட்டங்களின் கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முற்றாக விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஜாமீன் தரலாம் என்று நீதிபதி தீர்மானித்த பிறகு, வழக்கின் பெயரைப் பார்த்து உதவியை மறுப்பது நியாயமாகாது.

காலதாமதம் இன்னொரு குறை. 2023 நெறிமுறைப்படி, ஏழு நாள் காத்திருப்பு, வறுமையை விசாரிக்கப் பத்து நாள், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை குழுவின் பரிசீலனை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு மாதம் ஓடிவிடும்.

இவற்றையெல்லாம்விட அடிப்படையான முரண் ஒன்று இருக்கிறது. 1978இல் மோதி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் நீதித்துறை நடுவர். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவருடைய சகோதரரின் பிணையையும் தள்ளினார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கொத்தனாருக்காகப் பணம் தேடச் சொல்லவில்லை. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். மறு ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி, ஊரில் எத்தனை காலமாக வசிக்கிறார், என்ன வேலை, குடும்பம் எங்கே என்பவற்றைப் பார்த்துச் சொந்தப் பிணையில் விடலாம் என்று வழிகாட்டினார். பிணைத்தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 484ஆம் பிரிவும் சொல்கிறது. ஏழையிடம் கேட்கவே கூடாத தொகையை ஒரு நீதிமன்றம் கேட்க, அரசு கஜானாவிலிருந்து அதைக் கட்டினால், தவறான உத்தரவு திருத்தப்படாமலே நிலைத்துவிடுகிறது.

பணம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். செலவிடும் இடம் மாற வேண்டும். பகவதி சொன்ன விவரங்களை நீதிபதி யாரிடம் கேட்பார்? கைதானவரின் வீடு, வேலை, உறவுகளை விசாரித்து, முதல் ரிமாண்டின்போதே அறிக்கை தரும் அலுவலர்கள் பெரும்பாலான நீதிமன்றங்களில் இல்லை. வாஷிங்டன் நகரில் இந்த வேலைக்கென்றே அமெரிக்கக் கூட்டரசின் பணத்தில் ஒரு முகமை இயங்குகிறது; அதன் தொடக்கம் 1960களில். இங்கே நன்னடத்தை அலுவலர்களும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். 20 கோடியின் பெரும்பகுதியை அவர்களுடைய எண்ணிக்கையைக் கூட்டவும் இந்த விசாரணையைச் செய்யவும் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாதவரின் நிபந்தனையைத் தாமாகவே தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் விசாரணை நீதிமன்றங்களுக்குச் சொன்னது. மாவட்டக் குழு ஒவ்வொரு வழக்கிலும் முதலில் அதைக் கோர வேண்டும். அது மறுக்கப்பட்டால் மட்டுமே கஜானா திறக்கட்டும். திட்டத்தின் வெற்றியையும் செலவழித்த கோடிகளால் அளக்கக் கூடாது. ஜாமீன் உத்தரவுக்கும் விடுதலைக்கும் இடையில் எத்தனை நாள் குறைந்தது என்பதால் அளக்க வேண்டும்.