பட்டை மட்டும் மரமாகுமா?

போன்சாய்க் கண்காட்சியில் கார்க் ஓக் வைத்திருக்கும் மேசையை யாரும் சட்டென்று கடந்து போவதில்லை. காரணம், அதன் பட்டை. விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, மேடும் பள்ளமுமாகத் தடித்திருக்கும் அந்தச் சாம்பல் நிறத் தோலைப் பார்த்ததும், மரத்துக்கு நூறு நூற்றைம்பது வயதிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அது முப்பது வயது மரமாகவும் இருக்கலாம். சிறிய சட்டியில் பெரிய வயதைக் காட்டுவதுதான் போன்சாய் என்றால், பாதி வேலையை இந்த மரம் தானாகவே முடித்துத் தந்துவிடுகிறது. அந்தப் பாதியோடு திருப்திப்பட்டு மறுபாதியை விட்டுவிட்ட கார்க் ஓக்குகள் நிறைய உண்டு. இந்த மரம் போன்சாய்க்கு ஏற்றதுதானா என்ற கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பட்டை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். குவெர்கஸ் சூபர் என்று லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட இந்த மரத்தின் சொந்த மண் மேற்கு மத்தியதரைக் கடல் நாடுகள்: போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, பிரான்சின் தென்பகுதி, சார்டினியா. பெரும்பாலான மரங்களில் பட்டையை உண்டாக்கும் தக்கைக் கேம்பியம் சில ஆண்டுகளில் செத்து, அதற்கு உள்ளே புதியது தோன்றும். பழைய பட்டை செதிலாக உதிரும். கார்க் ஓக்கில் அதே கேம்பியம் மரத்தின் ஆயுள் முழுதும் உயிரோடிருந்து, ஆண்டுதோறும் ஒரு தக்கை அடுக்கை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வெளியே இருப்பது செத்த திசு, அது நீளாது. உள்ளே அடிமரம் பருக்கப் பருக்க, வெளித்தோல் வெடித்துப் பிளக்கிறது. நாம் வியக்கும் வெடிப்புகளுக்கு வயது ஒரு பாதிக் காரணம்தான். மறுபாதி, மரம் பருத்த வேகம்.

இந்த உண்மை வளர்க்கும் முறை பற்றிய பெரிய விவாதத்தை முடித்துவைக்கிறது. விதையை ஊன்றி, நாற்றை உடனே சின்னச் சட்டிக்கு மாற்றி, அங்கேயே 'வளர்த்தெடுக்கலாம்' என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டியில் வேர் அடைபட்ட மரம் பருக்காது. பருக்காத மரத்தின் பட்டை தடித்தாலும் ஆழமாக வெடிக்காது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் கையில் இருப்பது விரல் பருமன் தண்டும் லேசாகச் சொரசொரத்த தோலுமாகத்தான் இருக்கும். கார்க் ஓக் போன்சாய் என்பது முதலில் தரையில் நடக்கிற வேலை. ஆணிவேரை இளமையிலேயே வெட்டி, பக்கவேர்களைப் படரவிட்டு, பருமனுக்காகவே ஒரு கிளையைக் கட்டுப்பாடின்றி ஓடவிட்டு, அடிமரம் தேறிய பின் அந்தக் கிளையை அறுத்தெறிந்து, அதன் பிறகுதான் சட்டி. விதை விஷயத்திலும் சோம்பல் ஆகாது. ஓக் விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், உதிர்ந்த பருவத்திலேயே ஊன்றிவிட வேண்டும்.

காட்டிலிருந்து முதிர்ந்த மரத்தைத் தோண்டி எடுக்கும் குறுக்குவழி ஆலிவுக்கு உண்டு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பெயர் வாங்கிய ஆலிவ் போன்சாய்கள் பல அப்படி வந்தவையே. வேர் ஏறக்குறைய இல்லாத ஆலிவ் கட்டையும் துளிர்த்துவிடும். கார்க் ஓக் அந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது. போர்ச்சுகலில் சட்டமும் தடுக்கிறது. கார்க் ஓக்கையும் ஹோம் ஓக்கையும் அனுமதியின்றி வெட்டுவதை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த நாட்டின் தேசிய மரமும் இதுதான்.

கலிபோர்னியாவில் இந்த மரம் போன்சாய்க்காரர்கள் கைக்கு வந்த கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வரும் தக்கை நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலையில், பால்டிமோரின் கிரவுன் கார்க் அண்ட் சீல் நிறுவனத்தை நடத்திய சார்லஸ் மக்மானஸ், அமெரிக்காவிலேயே கார்க் ஓக் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். தக்கைத் தொழில் அங்கே வேரூன்றவில்லை. மரங்கள் வேரூன்றின. மத்தியதரைக் கடல் நாடுகளைப் போலவே கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் நனையும் ஊர் அது, விதைக்கும் பஞ்சமில்லை.

ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் அடிமரத்தின் சுற்றளவு மார்பளவு உயரத்தில் 70 செ.மீ. எட்டினால்தான் முதல் முறை பட்டை உரிக்கலாம். அதற்கு ஏறக்குறைய 25 ஆண்டு ஆகும். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. முதலில் உரிப்பது கரடுமுரடான கன்னித் தக்கை. அது பாட்டிலுக்கு ஆகாது. அரைத்துத் தரைவிரிப்புக்கும் வெப்பத்தடுப்புப் பலகைக்கும் போகும். மூன்றாவது உரிப்பிலிருந்து வரும் வழுவழுப்பான தக்கைதான் ஒயின் பாட்டிலுக்கு. போன்சாய்க்காரர் உயிராக மதிப்பது, தக்கை வியாபாரி மட்டமென்று ஒதுக்கும் அந்தக் கன்னிப் பட்டையைத்தான். அலெந்தேஜோ சமவெளியில் நாம் காணும் மரங்கள் உரிக்கப்பட்டுச் செம்பழுப்பு உடம்போடு, உரித்த ஆண்டின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் சுமந்து நிற்பவை. சட்டியில் இருப்பது கோடாலி படாத மரத்தின் உருவம். இதில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. போன்சாய்க்காரர் காட்ட விரும்புவது காட்டு மரத்தைத்தான், தோட்டத்து மரத்தை அல்ல. சட்டி மரத்தையும் உரித்துப் பார்க்கலாமே என்று ஆசைப்படுபவர் அதை ஆசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உள்பட்டையில் காயம் பட்டால் மரம் போய்விடும்.

இனி குறைகளுக்கு வருவோம். பட்டை மறைக்கும் குறைகளே அதிகம். தடித்த தக்கை அடிமரத்தைச் சுற்றிப் போர்வைபோலக் கிடப்பதால், உள்ளே இருக்கும் கட்டையின் உண்மையான வடிவம் தெரிவதில்லை. வேரடியில் அகன்று மேலே போகப் போக ஒடுங்கும் அந்தச் சரிவுதான் மரத்துக்குக் கம்பீரம். தக்கை அந்த அகலத்தின் மேலேயும் படிந்து, வேர்கள் பிரியும் இடத்தை மூடி, மரத்தை நட்டுவைத்த தூண் ஆக்கிவிடுகிறது. பாதி தக்கை, பாதி கட்டை. பார்ப்பவருக்கோ முழுவதும் பருமனாகத் தெரியும். அதோடு இது பசுமை மாறா மரம். ஜப்பானில் இலையுதிர் இனங்களைக் குளிர்காலத்தில் இலையின்றிக் காட்சிக்கு வைப்பார்கள். கிளை பிரிந்த அழகும் அவலமும் அப்போது மறைக்க இடமின்றி வெளிப்படும். கார்க் ஓக்குக்கு அந்தச் சோதனை கிடையாது. கீழே பட்டை ஒரு திரை, மேலே இலை ஒரு திரை. இரண்டுக்கும் பின்னால் சோம்பல் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

அளவு இன்னொரு சிக்கல். இலையைச் சிறிதாக்கலாம். வசந்தத் துளிர் முற்றியதும் இரண்டு இலை விட்டுக் கவாத்து செய்தால், அடுத்து வரும் துளிரின் இலை சிறுக்கும். காட்டில் 3 முதல் 7 செ.மீ. வரை இருக்கும் இலை இப்படி ஓரளவு அடங்கிவிடும். பட்டையின் வெடிப்பு அடங்காது. பெரிய மரத்தில் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு அகலத்தில்தான் சட்டியிலும் பிளக்கும். இருபது செ.மீ. உயர மரத்தில் அந்த வெடிப்பு யானைத்தோலைப் போர்த்திய ஆட்டுக்குட்டியாகவே தெரியும். அறுபது செ.மீ.க்குக் கீழே கார்க் ஓக் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பது என் கணிப்பு. சிறிய அளவில் கரடுமுரடான பட்டை வேண்டுவோருக்குத் தக்கைப்பட்டைச் சீன எல்ம் உண்டு. இலை சின்னது, கிளை நுணுக்கமாகப் பிரியும், வேரை வெட்டினால் கோபிக்காது. அந்தப் போட்டியில் எல்ம் ஜெயிக்கிறது, பேச்சுக்கே இடமில்லை. பெரிய அளவில் நிலைமை தலைகீழ். அங்கே ஒப்பிட வேண்டியது, தடித்த பட்டைக்குப் பெயர்போன ஜப்பானிய நிஷிகி கரும்பைனை. அதன் தக்கைப்பட்டை அந்த இனத்தில் தோன்றிய ஒரு விகாரம். கார்க் ஓக்குக்கோ அது ஆரோக்கியத்தின் அடையாளம், காட்டுத்தீயிலிருந்து மொட்டுகளைக் காக்கும் கவசம்.

அந்தக் கவசம் வளர்ப்பவருக்கு ஒரு பொய் நம்பிக்கையையும் தருகிறது. தீயில் கருகிய மரம் உச்சிக் கிளைகளிலிருந்தே மீண்டும் துளிர்க்கிறதே, சட்டியில் எப்படி வெட்டினாலும் துளிர்க்கும் என்று எண்ணத் தோன்றும். அடிமரத்தை வெட்டினால் துளிர்க்கும்தான். ஆனால் மற்றக் கிளைகளில் இலை இருக்க, ஒரு கிளையை மட்டும் இலையின்றி மொட்டையடித்தால், மரம் பலமான கிளைகளுக்கே சத்தை அனுப்பிவிட்டு அந்தக் கிளையைக் கைவிட்டுவிடும். கீழ்க்கிளைகளில் எப்போதும் நாலு இலையாவது இருக்க வேண்டும். உச்சியை அடக்கியே வைக்க வேண்டும்.

கம்பி கட்டுவதும் இதில் பெரிதாக உதவாது. இளந்தண்டு வளையும், முற்றியது படீரென்று ஒடியும். தக்கை ஏறிய கிளையில் கம்பி சுற்றினால் பட்டை நசுங்கும், அந்தத் தழும்பு ஆண்டுக்கணக்கில் மாறாது. ஆகவே வெட்டி, வளரவிட்டு, மறுபடி வெட்டித்தான் வடிவம் கொண்டுவர முடியும். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஓக் கிளை இயல்பிலேயே கோணல்மாணலாகத் திரும்பித் திரும்பிப் போவது. கவாத்தில் உருவாகும் கிளையும் அப்படித்தான் போகும். கம்பியில் வளைத்த நெளிவு ஓக்கில் ஒட்டாது.

இவ்வளவு இருந்தும் காட்சி மேசைகளில் வந்து நிற்பது பெரும்பாலும் பைன் வேடம் போட்ட ஓக். முக்கோண உச்சி, தட்டுத் தட்டாக அடுக்கிய இலைமேகம். இலையுதிர் மரங்களையும் பைன்போல் செதுக்கும் வழக்கத்தை எதிர்த்து, மரத்தை மரமாக விடச் சொல்லி போன்சாய்க் கலைஞர் வால்டர் பால் நெடுங்காலமாக வாதாடிவருகிறார். அந்த வாதம் மிகப் பொருத்தமாக விழும் இடம் இது. போர்ச்சுகலின் அகுவாஸ் த மோரா ஊரில் 1783-இல் நட்டு, 2018-இல் ஐரோப்பாவின் ஆண்டு மரமாகத் தேர்வான 'விசிலர்' மரத்தின் படத்தைப் பார்த்தால் போதும். குட்டையான அடிமரம், தாழப் பிரியும் தடித்த கைகள், அகலப் பரந்த குடை. இந்த இனத்துக்கு உரிய உருவம் அதுதான்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. சுண்ணாம்பு இல்லாத மண், நல்ல வடிகால், முழு வெயில், நீண்ட உறைபனியில் சட்டிக்குக் காப்பு. சட்டி மாற்றும்போது வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது. வசந்தத்தில் புதுத் துளிர் வரும்போது பழைய இலைகள் மஞ்சளித்து உதிரும். அதைப் பார்த்துப் பதறித் தண்ணீரைக் கூட்டினால் வேரழுகல்தான் மிச்சம்.

தீர்ப்புக்கு வருகிறேன். மத்தியதரைத் தட்பவெப்பம் உள்ள ஊரில், தரையில் அடிமரம் வளர்க்க இடமும் பொறுமையும் இருப்பவருக்கு, பெரிய அளவு போன்சாயாகக் கார்க் ஓக் முதல்தர மரம். ஹோம் ஓக்கைவிட ஒரு படி மேலே வைப்பேன்; ஆலிவுக்குச் சமமாக வைக்கத் தயங்குவேன், ஆலிவ் மன்னிப்பதில் பாதிகூட இது மன்னிக்காது. பால்கனியில் சின்னச் சட்டியோடு இருப்பவர்கள் எல்மை வாங்கட்டும். நடுவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு: மதிப்பெண் போடுமுன் அடிமரத்தின் நடுப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, வேரடியையும் முதல் மூன்று கிளைகளையும் மட்டும் பாருங்கள். அப்போதும் அது மரமாகத் தெரிந்தால் கையை எடுத்துவிட்டுப் பட்டைக்கு உரிய மதிப்பெண்ணைத் தாராளமாகச் சேர்க்கலாம்.