மேசைமேல் ஒரு போர்க்களம்

வரலாற்றுப் போர் விளையாட்டு என்பது, முற்காலத்துப் போர் ஒன்றைச் சிற்றுருப் படைவீரரைக் கொண்டு, விதிகளுக்கும் பகடைக்கும் உட்பட்டு மேசைமீது மீண்டும் ஆடிப்பார்ப்பதாகும். வீரரைக் கடையில் வாங்கிவிடலாம். அவர் நின்று பொரும் மேட்டையும் ஆற்றையும் வீட்டையும் வேலியையும் மட்டை, மரத்துண்டு, சாந்து முதலியவற்றால் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் மரபே இக்கலைக்கு உயிர். நிலத்தை உள்ளபடி காட்டுவதா, ஆடுவதற்கு இசையத் திருத்துவதா என்ற வழக்கே இம்மரபினரை இரு பள்ளியாகப் பிரித்துள்ளது.

முதற்பள்ளியின் மூலத்தைப் பிரான்சில் 1668 அளவில் தொடங்கி ஆக்கப்பட்ட கோட்டை நகர மாதிரிகளிற் காணலாம். மரம், காகிதம், பட்டு, மணல் கொண்டு பெரும்பாலும் 600இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அவை விளையாட்டுக்கன்று, முற்றுகைத் திட்டத்துக்கே பயன்பட்டன. இப்பள்ளியின் உச்சம், பிரித்தானியப் படை அலுவலர் வில்லியம் சைபோர்ன் ஆக்கி, 1838இல் இலண்டனில் காட்சிக்கு வைத்த வாட்டர்லூ மாதிரி. களத்திலேயே எட்டு மாதம் தங்கி அளந்த அவர், போரில் நின்ற அலுவலர்களுக்குக் கடிதம் எழுதி, எவ்வயலில் எப்பயிர் நின்றது என்பதுவரை கேட்டறிந்தார். எனினும் பிரஷ்யப் படையின் பங்கு மிகுத்துக் காட்டப்பட்டதென்ற, பிரித்தானியத் தளபதி வெலிங்டன் தரப்பின் மனக்குறைக்கு இணங்கி, அப்படையின் உருக்களிற் பலவற்றைப் பின்னர் அகற்றிவிட்டார். பயிரில் விட்டுக்கொடாதவர் படையில் விட்டுக்கொடுத்தார் என்பது கவனத்துக்குரியது.

இரண்டாம் பள்ளி ஆட்டத்திற் பிறந்தது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் தம் அரசருக்கு வழங்கிய போர் விளையாட்டு மேசையில், நிலப்பகுதிகள் தனித்தனிக் கட்டைகளாக இருந்தமையால், விரும்பியவாறு மாற்றியடுக்கி வெவ்வேறு களங்களை அமைக்க முடிந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலோ, மரக்கட்டைகளையும் தோட்டத்துச் சுள்ளிகளையும் கொண்டே களத்தை முடித்துவிடுகிறது.

இவ்விரு பள்ளியும் மோதும் இடம் அளவுத்திட்டம். 28 மில்லிமீற்றர் உயர வீரர் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. அவ்வளவைத் தூரத்துக்கும் கொண்டால், 90 மீற்றர் பாயும் துப்பாக்கி வேட்டு மேசையில் ஒன்றரை மீற்றர் ஓடிவிடும். ஆகவே தூரத்தைத் தனியே சுருக்கி, ஒரு வீட்டை ஒரு குடியிருப்பாகக் கொள்வதும், வீட்டின் அகலத்தைக் குறைத்தாலும் வாசலின் உயரத்தை வீரனுக்கு ஒப்ப வைப்பதும் நியமமாயின.

இவ்விரு பள்ளியையும் நம் நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். இலங்கையின் வன்னியைக் கட்டுவோர்க்கு ஆயத்த வீடு எக்கடையிலும் கிடையாது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியர் வசமிருந்த முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றியதையும், ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் பிரித்தானியப் படையிடம் தோற்றதையும் மேசைக்குக் கொண்டுவர முனைவோர், சைபோர்ன் கேட்ட கேள்வியையே கேட்கவேண்டும். ஓகஸ்ட் வறட்சிக்குக் காய்ந்த புல்லும் வெடித்த தரையும் பொருந்தும். ஒக்ரோபர் கடைசியில் மழை தொடங்கித் தரை பசுமைகொள்ளும். ஆகையால் ஒரே பலகை இரு போருக்கும் உதவாது. இரணைமடுக்குளம் 20ஆம் நூற்றாண்டின் கட்டுமானமாதலின் அதற்கு இங்கு இடமில்லை. உடைப்பெடுத்துக் காடேறிய பழங்குளக்கட்டே காலத்துக்கு ஒத்தது.

கட்டும் பொருள்களுக்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. குளக்கட்டை ரெஜிபோமில் வெட்டி, மண் கலந்த பசை பூசலாம். ஆயின் விசிறும் வர்ணம் அதனைக் கரைத்துவிடுமாதலால், முதலில் நீரிற் கரையும் வர்ணத்தால் மூடுதல் இன்றியமையாதது. சுவருக்குப் பெட்டிமட்டை, கூரைக்குத் தும்பு. தும்பை நுனி கீழ்நோக்க இறவாரத்திலிருந்து முகடுவரை வரிசை வரிசையாக ஒட்டினாலன்றி வேய்ந்த கூரையின் தோற்றம் வாராது. மார்கழியிற் பாலன் குடில் கட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று.

காடுதான் கடினம். பாலையும் முதிரையும் வீரையும் நெருங்கிய வன்னிக் காட்டை உள்ளபடி நட்டால் வீரரை உள்ளே நிறுத்த இடமிராது. வீட்டில் முதற்பள்ளியைப் பின்பற்றுவோரும் இங்கு இரண்டாம் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும்: காட்டின் எல்லையைக் கபிலநிறத் துணியால் குறித்து, மரங்களைத் தனி அடித்தட்டில் நாட்டி, படை நுழையும்போது அவற்றை எடுத்து அப்பால் வைப்பதே நடைமுறை.