மூன்றாவது சீட்டு

மலையக மக்களின் கதையை எழுதப் புகுவோர் இரண்டு சீட்டுகளைக் கடந்து செல்ல முடியாது. ஒன்று, தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’. அதில்லாமல் வேறு தோட்டம் அவனை ஏற்காது. 1921ல் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை அது அவனைக் கட்டிப் போட்டிருந்தது. மற்றது, தோட்டத்தைவிட்டு நீக்குகையில் துரை கொடுத்த ‘பத்துச்சீட்டு’. இத்தகைய துயரங்களை நம் இலக்கியகர்த்தாக்கள் மறந்துவிடவில்லை. கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’யில் கடல் கடந்து வந்தவர்களின் வாழ்வைச் சித்திரித்தார். 1947ல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, ‘வீடற்றவன்’ என்று தம் நாவலின் தலைப்பிலேயே அத்துயரைப் பொறித்தார்.

இன்றைய தலவாக்கலையில் மூன்றாவது சீட்டு ஒன்று உண்டு. மின்னியலும் கணினியும் பயின்ற லயத்து இளைஞரும் யுவதியரும் ஏந்தி நிற்கும் தொழில் தகைமைச் சான்றிதழே அது. 2012 முதல் 150 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கும் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் அவர்கள் கண்முன் கிடக்கிறது. தொழில்நுட்பம் ஊருக்குள் வந்துவிட்டது. வேலை வீட்டுக்குள் வரவில்லை.

விண்ணப்பப் படிவம் வீட்டு இலக்கம் கேட்கிறது. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்தின் வழியே வருகிறது. நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கடிதம் கைக்கெட்டுவது மலையகத்தில் புதுமையன்று. நேரத்துக்கு எட்டினாலும், கொழும்புப் பயணம் தாயின் நாட்சம்பளத்தை விழுங்குகிறது. அங்கே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வினவுகிறார்கள்; கருவி பிடிக்கும் கையைச் சோதிப்பார் அரியர். ‘முன்னனுபவம் உண்டா?’ என்பது இறுதிக் கேள்வி. வேலை கொடாமலே அனுபவம் கேட்கும் இவ்விசித்திரத்தின் பின் பதிலே வருவதில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கதவை வெளிப்படையாகவே அடைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. சட்டம் திறந்த கதவை நடைமுறை ஒருக்களித்து வைத்திருக்கிறது.

நாம் இன்று படிக்கும் சிறுகதைகள் பலவற்றிலும் படித்த இளைஞன் தோட்டத்தை மறந்தவனாக வருகிறான்; அல்லது பெற்றோரின் தியாகத்தை எண்ணிக் கண்ணீர் உகுக்கிறான். விண்ணப்பத்துக்கும் மௌனத்துக்கும் இடையே அவன் கழிக்கும் மாதங்கள் எங்கே? அவனைத் தேர்ந்தெடுப்பவர் யார், எந்த அளவுகோல் கொண்டு? இக்கேள்விகளைத் தொடாத கதை, அமைப்பின் குற்றத்தை அவனுடைய தனிப்பட்ட தோல்வியாக்கி விடுகிறது.

விண்ணப்பப் படிவம் கலைக்குப் பொருளாகுமா என்று சிலர் வினவலாம். ‘துண்டு’ம் ஒரு காரியாலயக் காகிதந்தானே! மலையகப் பாடசாலை ஆசிரியர்களும் அவர்தம் மாணவர்களும் இம்மூன்றாவது சீட்டின் நேர்ச்சாட்சிகள். அதை எழுதும் கடமையையும் அவர்களிடமே நாம் எதிர்பார்க்கிறோம்.